மாமாவின் யப்பான் முந்திரிகை

கியோஹோ என்று ஒரு முந்திரிகை இனம் இருக்கிறது. யப்பானில் விளைவது. திராட்சை என்று சொன்னால்தான் சிலருக்கு விளங்கும். எங்களுக்கு அது முந்திரிகைதான். பச்சைப் பாக்களவு பருத்த கறுப்புப் பழம். தோலோடு சாப்பிடுவதில்லை. நுனியைக் கிள்ளி மெல்ல அமுக்கினால் சதை வழுக்கி வாய்க்குள் விழும். சாறு பிழிவார்கள், வைன் வடிப்பார்கள், பெட்டியில் அடுக்கிப் பரிசாகவும் கொடுப்பார்கள். முல்லைத்தீவுக் கடற்கரையில் எங்கள் ஊர்ச் சனத்துக்கு இதெல்லாம் மனப்பாடம். பழத்தைத்தான் ஒருவரும் கண்டதில்லை. எல்லாம் மாமா சொன்னது.

மாமா என் அம்மாவின் தம்பி. கப்பலில் சமையல்காரராக இருந்துவிட்டு, சண்டை தொடங்குகிற நேரம் பார்த்து ஊருக்குத் திரும்பியவர். ஊரை விட்டு வெளியே போகும் பாதை பூட்டுப்பட, மீன்பிடிக்கு இறங்கிவிட்டார். யப்பானிலிருந்து அவர் கொண்டுவந்தது, நடுவதற்கென்று ஈரத்துணியில் சுற்றிய ஒரு முந்திரிகைத் தடி.

"கப்பலுக்குப் போனவன் ஒரு ரேடியோவும் இல்லாமல் தடியோட வந்து நிக்கிறான்" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

கரையில் வலை இழுக்கிறவர்களுக்கு அது நல்ல பகிடியாகிவிட்டது. மாமா யப்பானைக் கனவில்கூடக் கண்டிருக்கமாட்டார் என்பது அவர்கள் தீர்ப்பு. "என்ன யப்பான், கொடி காய்ச்சிட்டுதோ?" என்று நாள் தவறாமல் கேட்பார்கள். மாமா சிரித்துக்கொண்டே போவார். வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்தபடி சாப்பிடாமல் இருப்பார். எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

கொடி பழைய வலையில் போட்ட பந்தலில் படர்ந்தது. மாமா தினமும் மீன்குடலும் தலையும் அதன் அடியில் புதைத்தார். ஊரிலுள்ள பூனையெல்லாம் அங்கே கூடியது. இலை அடர்ந்து பந்தலுக்குள் வெயிலே விழவில்லை. வருடங்கள் போயின, ஒரு பூவைக் காணோம்.

ஒருநாள் எங்கள் வீட்டு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு போய், பந்தலில் ஏறி, ஓர் இலை மிச்சம் வைக்காமல் மொட்டையடித்துவிட்டது. மாமா அம்மாவோடு கதைப்பதையே நிறுத்திக்கொண்டார். ஐயோ, வீடே செத்தவீடு மாதிரித்தான் இருந்தது. ஆனால் கொஞ்ச நாளில் கொடி துளிர்த்து, துளிருக்குத் துளிர் பூத்தது! மாமா ஓடிவந்து ஆட்டைக் கட்டிப்பிடித்தார்.

பிஞ்சு பிடித்ததும் பழைய பேப்பரில் பை ஒட்டி ஒவ்வொரு குலையையும் மூடிக் கட்டினார். யப்பானில் அப்படித்தானாம், பழுக்கும்வரை திறக்கவே கூடாதாம். பழுக்கிற காலம் நெருங்கியதும், அடுத்த ஞாயிறு தேவாலயத்தில் பூசை முடிய எல்லார் முன்னிலும் பையைத் திறப்பேன் என்று கரையெல்லாம் சொல்லிவைத்தார். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த ஓர் ஐயாவும் வருவதாகச் சொன்னார். அவர் அங்கே முந்திரிகைத் தோட்டம் வைத்திருந்தவர்.

சனிக்கிழமை பின்னேரம், மாமா கடலில். மாமி, அவருடைய மனைவி, ஏணியை வைத்து ஏறி, பைகளைத் திறக்காமலே குலைகளை வெட்டிக் கூடையில் போட்டார்.

"மாமி, என்ன செய்யிறியள்? நாளைக்கு எல்லாரும் வருவினம்!"

"பங்குச் சுவாமிக்குப் பூசைக்கு வைன் இல்லை பிள்ளை. கரண்டியால அளந்து வாக்கிறார். முதல் பழம் கடவுளுக்குத்தானே?"

உண்மைதான். அந்த நாளில் பொருளாதாரத் தடையால் எங்கள் வன்னிக்குள் சீனி வருவதே பெரும்பாடு, வைன் எங்கே வரும். ஆனாலும் மாமி கூடையோடு கோவிலுக்குப் போனபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

விடிய வந்த மாமா மொட்டைப் பந்தலைப் பார்த்தபடி நின்றார். பிறகு, "கடவுளுக்கெண்டால் என்ன செய்யிறது" என்றார். பூசையில் சுவாமி, வைனுக்குத் தன் முழுப் பழத்தையும் தந்தவர் என்று மாமாவை எழுப்பி நிறுத்திக் காட்டினார். யப்பான் என்ற சொல்லை மட்டும் அவர் சொல்லவில்லை. அதில் மாமாவுக்குச் சின்னக் குறைதான். இருந்தாலும் பூசை வைனைப் பகிடி பண்ண யாருக்குத் துணிவு வரும்? கரைக்காரர் வாய் அன்றோடு அடைத்தது. யாழ்ப்பாணத்து ஐயா வீட்டுக்கு வந்து ஓர் இலையைப் பிரட்டிப் பார்த்தார். மாமி அவசரமாகச் சீனி போட்ட தேத்தண்ணியை நீட்டினார். ஐயா தேத்தண்ணியையும் மாமியின் முகத்தையும் பார்த்துவிட்டு, "நல்ல கொடி" என்றார்.

நான் மாமியோடு பல நாள் கதைக்கவில்லை.

போன மாதம் இங்கே கனடாக் கடையொன்றில் கியோஹோ கண்டு, ஆசையோடு மாமிக்கு ஃபோன் எடுத்தேன். மாமாவுக்குக் கேட்காதபடி மாமி குரலைத் தாழ்த்தினார்.

"மெல்லக் கதை, கொம்மான் பக்கத்தில இருக்கிறார். அவர் யப்பானுக்குப் போனது சத்தியம் பிள்ளை. அந்தத் தடிதான் வந்த மாதமே பட்டுப்போச்சு. மனுசன் ஏங்கிப்போவார் எண்டு யாழ்ப்பாணத்தில அக்கா வீட்டுத் தடியொண்டை எடுப்பிச்சு அந்த இடத்தில நட்டுவிட்டனான். யாழ்ப்பாணத்து ஐயா பழத்தைக் கண்டு அடையாளம் பிடிச்சிருந்தால் இவரின்ரை யப்பானும் பொய்யாப் போயிருக்கும்."

"சுவாமி கண்டிருப்பாரே?"

"பாவசங்கீர்த்தனத்தில என்ரை பாவமெண்டு எல்லாத்தையும் சொல்லிப்போட்டுத்தான் கூடையைக் குடுத்தனான். பாவசங்கீர்த்தனத்தில கேட்டதைச் சுவாமிமார் வெளியில சொல்லக்கூடாதெல்லே?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மாமாவின் பக்கம் நிற்கிறேன் என்று நினைத்துத்தான் அன்றைக்கு அந்த மனுசியோடு கதைக்காமல் இருந்தேன்.