முழ நீளத்துக்கு ஒரு நார்

காலை இட்லித் தட்டுக்குப் பக்கத்திலேயே என் கணவருக்குக் கைப்பேசியில் பங்குச் சந்தை ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஏறியிருந்தால் எனக்கும் ஒரு தட்டு வைத்துத் தருவார். இறங்கியிருந்தால் சட்னியில் உப்பில்லை என்பார். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வணிகவியல் நடத்துகிறவள் நான். பங்கு என்றால் என்ன என்று சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குவது என் வேலை. வாங்கிவிட்டு முழிப்பது அவர் வேலை.

அப்படிப்பட்டவர் ஒருநாள், "சணல் மாதிரி ஒரு செடி. தண்டுல துணி, விதையில எண்ணெய், இலையில மருந்து" என்று ஆரம்பித்தார். கடைசியில் பார்த்தால் அது கஞ்சாச் செடியின் இனம். போதை இல்லாத வகையை வடக்கே மலைப்பக்கம் அனுமதி வாங்கிப் பயிரிடுகிறார்களாம். அந்த நாரை வாங்கித் துணி நெய்து விற்கிற ஒரு சின்ன கம்பெனி, அடுத்தபடியாக மருந்தும் செய்யப் போகிறதாம். பங்கு இன்னும் சந்தைக்கே வரவில்லை. தெரிந்தவர்கள் மூலம்தான் வாங்க முடியும்.

"கஞ்சா விக்கிறவன்கிட்ட பங்கு வாங்கினேன்னு ஸ்டாஃப் ரூம்ல நான் சொல்ல முடியுமா?" என்று கேட்டேன். பேச்சு அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் மனுஷர் அதை விக்கிரமசிங்கபுரத்தில் என் அக்காவிடமும் சொல்லிவைத்திருக்கிறார்.

அக்காவின் மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. இப்போது கல்லூரி போகிற வயது, போகத்தான் முடியவில்லை. மாத்திரை மாற்றி மாற்றிப் பார்த்தாயிற்று. எப்போதோ திருநெல்வேலி டாக்டர் ஒருவர், இந்தச் செடியிலிருந்து எடுக்கிற மருந்தை வெளிநாட்டில் சில வகை வலிப்புக்குக் கொடுக்கிறார்கள், எல்லாருக்கும் கேட்காது, இங்கே சுலபமாகக் கிடைக்கவும் செய்யாது என்று போகிற போக்கில் சொல்லியிருந்தார். அதைக் கேட்ட நாளிலிருந்து அக்கா அந்தச் சொல்லை விடவே இல்லை. அத்தான் அந்த ஊர் நூல் மில்லில் வேலை பார்த்து ஓய்ந்து, இறந்தபின் வந்த பணம் முழுவதும் மகள் பேரில் வங்கியில் கிடந்தது. அதை எடுத்து அந்தக் கம்பெனியில் போடப்போவதாக அக்கா போனில் சொன்னாள். எனக்குத் தலை சுற்றியது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பஸ் ஏறினோம். பத்தமடை தாண்டும்வரை நான் அவரோடு பேசவில்லை. அப்புறம் அம்பாசமுத்திரம் வரை பேசிக்கொண்டே வந்தேன். அதற்குப் பேசாமலே இருந்திருக்கலாம் என்று அவர் முகம் சொன்னது.

அக்கா வீட்டுக் கூடத்தில் வழக்கு ஆரம்பமானது. அவர் செடியின் பக்கம். தண்ணீர் அதிகம் கேட்காது, சில மாதத்தில் ஆளுயரம் வளரும், வேர் தவிர வீணாகிறது எதுவும் இல்லை, சட்டம் பைய இளகிக்கொண்டு வருகிறது, பெரிய கம்பெனிகள் உள்ளே வந்தபிறகு நம்மால் தொடக்கூட முடியாது. நான் கணக்கின் பக்கம். இதுவரை லாபம் என்று ஒன்றைக் கண்ணில் காணாத கம்பெனி. விற்பதெல்லாம் பையும் துண்டும். மருந்து என்பது கம்பெனி அறிக்கையின் முன்னுரையில் மட்டும் இருக்கிறது. நாளைக்குச் சட்டம் மாறினால் என்ன செய்வது? அவசரத்துக்கு விற்கப் போனால் வாங்க ஆள் வேண்டாமா? அக்கா மகளுக்கு வெள்ளரிக்காய் நறுக்கிக் கொடுத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் என் கணவர் பையிலிருந்து ஒரு கற்றை நாரை எடுத்துப் போட்டார். நூற்காத நார். மாதிரிக்குத் தபாலில் வரவழைத்திருந்தார்.

மில் ஊரில் வளர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பஞ்சு என்று எது கையில் கிடைத்தாலும் ஒரு சிட்டிகை எடுத்து, இரண்டு கட்டை விரலாலும் பிய்த்துப் பிய்த்து அடுக்கி, கறுப்புத் துணிமேல் வைத்து இழை நீளம் பார்ப்பார்கள். இழை நீளமானால் நல்ல பஞ்சு, நல்ல நூல், நல்ல விலை. எங்கள் அப்பாவும் மில்லுக்காரர்தான், தலையணைப் பஞ்சைக்கூட விட்டதில்லை. அக்காவும் யோசிக்காமல் ஒரு சிட்டிகையைப் பிடித்து இழுத்தாள். வந்துகொண்டே இருந்தது. விரல் கணுவளவு இழையைப் பார்த்தே பழகின எங்களுக்கு, முழங்கையைத் தாண்டிப் போன அந்த நார் அதிசயமாக இருந்தது. பொன் நிறத்தில் மினுமினுவென்று கிடந்தது. ஒரு செடி தன் தண்டுக்குள் இவ்வளவு நீளத்தை யாருக்கும் தெரியாமல் வைத்திருந்திருக்கிறதே என்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

எதிர்வீட்டு அண்ணாச்சி மில்லில் அத்தானோடு ஒரே ஷிஃப்ட் பார்த்தவர். சத்தம் கேட்டு வந்தவர் நாரை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். இழுத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி இழுத்தார்.

"எம்மாடி! என் சர்வீசுல இப்படி ஒரு நீளத்தக் கண்டதில்ல வே. இந்தக் கம்பெனிக்காரன் தோக்க மாட்டான். கண்ண மூடிக்கிட்டுப் போடலாம்" என்றார்.

கம்பெனியின் வரவு செலவு பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. கேட்கவும் இல்லை. இழை நீளமாக இருந்தது, தீர்ப்புச் சொல்லிவிட்டார். இதில் வெட்கப்பட வேண்டியவள் நான்தான். காலையிலிருந்து வாய் கிழியப் பேசின நான், நாரைக் கையில் சுற்றிக்கொண்டு, "கொஞ்சம் போட்டுப் பாத்தாத்தான் என்னக்கா?" என்றேன். மில்லுக்காரன் மகள் என்பது ரத்தத்திலிருந்து போகவில்லை. என் கணவர் ஜெயித்த முகத்தோடு தண்ணீர் கேட்டார்.

அக்கா நாரைச் சுருட்டி ஓரமாக வைத்தாள்.

"துணிக்கு நல்ல நாருதான். நான் துணிக்காவா போடுதேன்?" என்றாள். பிறகு என் கணவர் பக்கம் திரும்பி, "தம்பி, அந்தக் கம்பெனிக்காரர்ட்ட பேச முடியுமா?" என்று கேட்டாள்.

கம்பெனியை ஆரம்பித்த பையன் கோயம்புத்தூர்க்காரன். என் கணவரிடம் அவன் எண் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் எடுத்தான். செடி, சந்தை, எதிர்காலம் என்று அழகாகப் பேசினான். அக்கா முழுவதும் கேட்டாள். பிறகு தன் மகளுக்கு எப்போது வலிப்பு ஆரம்பித்தது, என்னென்ன மாத்திரை, வந்தால் எவ்வளவு நேரம் நிற்கும் என்று எல்லாவற்றையும் சொன்னாள். குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை.

"உங்க மருந்த என் மவளுக்குக் குடுக்கலாமா, தம்பி? உங்க வீட்டுப் பிள்ளையா இருந்தா குடுப்பீயளா?"

ஸ்பீக்கரில் எங்கேயோ ஒரு மிக்சி ஓடுவது கேட்டது.

"இல்லைங்கம்மா" என்றான் கடைசியில். "எங்ககிட்ட அந்த மருந்தே இன்னும் இல்லைங்க. செய்யணும்னு ஆசைங்க. எப்ப முடியும்னு சத்தியமா எனக்குத் தெரியாதுங்க. தயவுசெஞ்சு அதுக்காகப் பணம் போட்டுறாதீங்க."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். இத்தனை வருஷமாகப் பிடித்துக்கொண்டிருந்த நம்பிக்கையை, வலியக் கேட்டு, தானே உடைத்துவிட்டாளே! பொய்யாகவாவது ஒரு நல்ல சொல் வரட்டும் என்று நான் ஆசைப்பட்டேன். அவள் ஆசைப்படவில்லை. எங்கள் எல்லாரையும்விட அந்தக் கம்பெனி ஜெயிக்க வேண்டும் என்று வேண்டினவள் அவள். அவள் ஒருத்திதான் அந்த நாரில் மயங்கவில்லை. என் கூடப் பிறந்தவளைப் பார்த்து நான் பிரமித்துப் போனது அன்றைக்குத்தான்.

"உள்ளதச் சொன்னீய. நல்லா இருங்க" என்று போனை வைத்தாள்.

"அப்போ போடலையாம்மா?" என்று கேட்டாள் மகள். இவ்வளவு நேரமும் அவளைப் பற்றித்தான் பேசினோம். அவளிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"போடல. உம் பணம் உனக்கே இருக்கட்டும்" என்றாள் அக்கா. எழுந்துபோய் மதிய மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் விழுங்கி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

கிளம்பும்போது வாசலில் என் கணவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பாவமாக இருந்தது. "மன்னிச்சிருங்க மைனி, நான் பாட்டுக்கு ஏதோ..." என்றார் அக்காவிடம்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல, தம்பி. அந்தப் பையன்ட்ட ஒண்ணு மட்டும் சொல்லிவைங்க. மருந்தச் செஞ்சு, சோதிச்சு, டாக்டர்மாரு கையில வந்த அன்னைக்கு எனக்கு ஒரு போன் போடணும்."

"பங்கு வாங்குறதுக்கா, மைனி?"

"பங்கு யாருக்கு வேணும்? மருந்து வாங்குறதுக்கு" என்றாள் அக்கா.