மூன்று டீச்சர்கள், ஒரு முக்கோணம்

ட்யூஷன் சென்டரில் வேலை பார்ப்பது என்றால், தப்பித்து ஓடி வந்த பள்ளிக்கூடத்துக்கே பின்வாசல் வழியாகத் திரும்பிப் போவது.

பிளஸ் டூ முடிந்த கையோடு, இனி எந்த பெஞ்சிலும் உட்கார மாட்டேன் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். மட்டாஞ்சேரியில் காய்கறிக் கடை வைத்திருக்கும் அப்பா அசரவில்லை. "சரி, அப்போ நின்னுக்கிட்டு வேலை பாரு" என்று பென்னி சாரின் ட்யூஷன் சென்டரில் கொண்டுபோய் விட்டார். சுக்கு குடோனுக்கு மேல் மாடி. ஏறும்போதே எல்லோருக்கும் தும்மல் வரும். பிள்ளைகளை அடக்குவது, கேள்வித்தாள் நகலெடுப்பது, விடைத்தாள் திருத்துவது என் வேலை. நீங்களும் பத்துப் பன்னிரண்டு வருஷம் பெஞ்சில் தேய்ந்தவர்கள்தானே, என் வயிற்றெரிச்சல் புரியும்.

போன வருஷம் பிள்ளைகள் பாதிப் பேர் எர்ணாகுளத்துப் பெரிய சென்டர்களுக்குப் போய்விட்டார்கள். பத்தாம் வகுப்புக் கணக்குக்கு எங்களிடம் மூன்று பேர் இருந்தார்கள். இனி ஒருவர் போதும் என்றார் பென்னி சார். யாரை வைத்துக்கொள்வது? பேட்ச்சை மூன்றாகப் பிரித்தார். மூவருக்கும் ஒரே பாடம், முக்கோணத்தை வைத்து உயரம் கண்டுபிடிக்கிற அந்தப் பாடம். கடைசியில் ஒரே பரீட்சை. எந்த பேட்ச் அதிகம் வாங்குகிறதோ அந்த டீச்சருக்கு வேலை, மற்ற இருவருக்கும் கும்பிடு. இதை மூன்று பேரையும் நிற்க வைத்து முகத்துக்கு நேரே சொன்னார். மூன்று அறையிலும் மாறி மாறி உட்கார்ந்து பார்த்துச் சொல்லும் பொறுப்பு எனக்கு. ஆமாம், பெஞ்சில்தான்.

லிஸி டீச்சரின் கோரஸ்

லிஸி டீச்சர் விளக்கவே மாட்டார். டஸ்டரால் மேஜையில் ஒரு தட்டு, "டான் அறுபது?" என்று ஒரு கேள்வி. மொத்த வகுப்பும் "ரூட் மூன்று" என்று கத்தும். மறுபடி தட்டு, மறுபடி கத்தல். கீழே சுக்கு மூட்டை தூக்குகிற சேட்டன்மாருக்கும் இந்நேரம் மனப்பாடம் ஆகியிருக்கும். கிளிகளை வளர்க்கிறார், பிள்ளைகளை அல்ல என்று முதல் நாளே முடிவு கட்டினேன்.

அந்த பேட்ச்சில் ஆயிஷா என்று ஒருத்தி. பரீட்சைத் தாளைப் பார்த்தாலே தன் பெயரைக்கூடத் தப்பாக எழுதுவாள். ஒரு நாள் படியேறும்போது தும்மிக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து டீச்சர் "சைன் முப்பது?" என்றார். இரண்டு தும்மலுக்கு நடுவே "அரை" என்று பதில் வந்தது. இதனால் என்ன பிரயோஜனம், புரிந்ததா உனக்கு என்று நான் அவளை மடக்கினேன். அவள் சொன்னாள்: "பயம் வந்தா எனக்கு மண்டையில ஒண்ணும் நிக்காது சேச்சி, டீச்சர் சத்தம் மட்டும் நிக்கும்."

பதில் சொல்லாத மாஷ்

பிரகாசன் மாஷ், அதாவது பிரகாசன் வாத்தியார், இதற்கு நேர் எதிர். எதையும் சொல்லித் தர மாட்டார், கேள்வி மட்டும் கேட்பார். பாத்ரூம் போகலாமா மாஷே என்றால், போகணுமா என்பார். எனக்கோ பொறுமையே கிடையாது. அவர் வகுப்பில் நான் நகத்தைக் கடித்தே தீர்த்தேன்.

ஒரு நாள் ஜன்னலுக்கு வெளியே நின்ற தென்னையைக் காட்டி, ஏறாமல் அதன் உயரத்தைச் சொல்ல முடியுமா என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். அந்த வகுப்பு முழுக்கச் சண்டை. அப்புறம் ஷிஹாப் என்கிற பையன் கோணமானியோடு முற்றத்துக்கு ஓடினான். மரத்தின் உச்சி நாற்பத்தைந்து டிகிரியில் தெரிகிற இடம் வரைக்கும் பின்னாலேயே நடந்தான். அங்கிருந்து மரத்தடி வரை டேப் பிடித்து அளந்தான். இந்த தூரம்தான் உயரம் என்று மூச்சிரைக்க வந்து சொன்னான். எனக்கே கைதட்டத் தோன்றியது. எந்தப் புத்தகத்தையும் பார்க்காமல் அவனே பிடித்துவிட்டானே. மாஷ் மட்டும் கன்னத்தில் கை வைத்தபடி அவனைப் பார்த்து, "நீ தரையில படுத்துக்கிட்டா பார்த்தே?" என்று கேட்டார்.

தன் கண் உயரத்தைக் கூட்ட மறந்துவிட்டது அவனுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. உறைத்ததும் திரும்ப முற்றத்துக்கு ஓடினான்.

கடைசி பெஞ்ச் சார்

விஸ்வநாதன் சார் பேசுவது பாலக்காட்டுத் தமிழ். அவர் வகுப்பில் சாக்பீஸ் பிள்ளைகள் கையில் இருக்கும். சார் முழங்காலை மடக்கிக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். சும்மா இருந்தாலாவது பரவாயில்லை. கையைத் தூக்கித் தூக்கி சந்தேகம் கேட்பார்.

ஒரு நாள் ஃபெபின் என்கிற பையன் பாடம் எடுத்தான். சார் எழுந்து நின்று, "கொழந்தே, எனக்கு மனசிலாகலை, அந்தக் கோணம் ஏன் அங்கே இருக்கு?" என்றார். அவன் திரும்பச் சொன்னான். மனசிலாகலை. படம் போட்டுச் சொன்னான். மனசிலாகலை. ஃபெபினுக்கு முகம் சிவந்துவிட்டது. கடைசியில் குடோன் சுவரில் சாய்த்து வைத்திருக்கும் ஏணியைக் காட்டி, கால் எங்கே, தலை எங்கே, சுவர் எங்கே என்று கைக்குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னான். அவ்வளவு தெளிவாக என் பள்ளிக்கூடத்தில் எவரும் எனக்குச் சொன்னதில்லை. சார் "ஓ" என்று உட்கார்ந்தார்.

வெளியே வந்ததும் ஃபெபின் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கெஞ்சினான்: "சாருக்கு நிஜமாவே ஒண்ணும் தெரியாது சேச்சி. பென்னி சார்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, பாவம், வேலை போயிடும்."

பென்னி சாரின் ப்ரொஜக்டர்

நடுவில் பென்னி சாருக்கே ஆசை வந்துவிட்டது. ஒரு ப்ரொஜக்டர் கொண்டுவந்து, ஜன்னலையெல்லாம் சாத்தி, கோணம் சுற்றிச் சுழன்று கோபுரமாக மாறுகிற வீடியோ போட்டார். நல்ல வீடியோதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இருட்டு, புழுக்கம், சுக்கு வாசனை. இருட்டுக்குள்ளிருந்து எவனோ ஒருவன் பாதித் தூக்கத்தில் சொன்னான்: "சார், ஸ்கிப் பண்ணுங்க."

பரீட்சை நாள்

பிள்ளைகள் உள்ளே எழுதிக்கொண்டிருந்தார்கள். மூன்று டீச்சர்களும் வராந்தாவில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நான் சாயா கொண்டுபோய்க் கொடுத்தேன். யாரும் குடிக்கவில்லை. லிஸி டீச்சரின் கை தானாகவே பெஞ்சைத் தட்டிக்கொண்டிருந்தது. விஸ்வநாதன் சார் ஊருக்கே திரும்பிவிடுவது பற்றி மெதுவாக ஏதோ சொன்னார். மூன்று பேருமே நல்லவர்கள் என்று அதற்குள் எனக்குத் தெரிந்துபோயிருந்தது. தெரியாமலே இருந்திருந்தால் நிம்மதியாகத் திருத்தியிருப்பேன்.

லிஸி டீச்சர் மாஷ் பக்கம் திரும்பினார். மாஷே, வேலை போனாலும் நீங்க கேள்விதான் கேட்பீங்க என்று சிரிக்கப் பார்த்தார். மாஷ் சாயா கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டு, "போகும்னு யார் சொன்னா?" என்றார். அதுவும் கேள்விதான்.

பஸ் ஸ்டாப்

திருத்தினேன். மூன்று பேட்ச்சும் கிட்டத்தட்ட ஒரே மார்க். அதுவும் நல்ல மார்க். மறுபடி கூட்டிப் பார்த்தும் அப்படியேதான் வந்தது. அதைவிட விசித்திரம், தாள்கள் எல்லாமே ஒரே மாதிரி இருந்தன. மூலையில் லிஸி டீச்சரின் வாய்ப்பாடு. எந்தக் கணக்கைத் தொடுவதற்கு முன்னாலும் மாஷ் பிள்ளைகள் போடுகிற மாதிரி ஒரு படம், அதில் பார்க்கிற ஆளின் கண் உயரத்துக்கு ஒரு கோடு. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், மந்தபுத்திக்காரனுக்குச் சொல்வதுபோல ஒரு விளக்கம். எந்த பேட்ச் தாளை எடுத்தாலும் மூன்றும் இருந்தது.

காப்பியடித்திருக்கிறார்கள் என்று கோபத்தோடு மாடியிலிருந்து இறங்கினேன். தோப்பும்படிக்குப் போகிற பஸ் வழக்கம்போல வரவில்லை. மூன்று பேட்ச்சும் ஸ்டாப்பில் மொத்தமாக நின்றது. நின்றிருந்த லாரியின் பின்பக்கத் தூசியில் ஷிஹாப் விரலால் முக்கோணம் போட்டுக்கொண்டிருந்தான். ஆயிஷா அவனிடம் டான் கேட்டாள், அவன் பதில் சொன்னான். ஃபெபின் இருவருக்கும் அந்த ஏணியை வைத்து விளக்கிக்கொண்டிருந்தான். பரீட்சை முடிந்த பிறகும் விடவில்லை, கடைசிக் கணக்கில் சண்டை. இது எத்தனை நாளாக என்று கேட்டேன். பிரித்த அன்றிலிருந்தே என்றார்கள். அடுத்த ரூமில் நல்லதாக ஏதோ தருகிறார்கள், நம்மை ஏமாற்றுகிறார்கள் என்று ஒவ்வொரு பேட்ச்சுக்கும் சந்தேகமாம். அதனால் தினமும் பஸ் வரும்வரை ஒருவரையொருவர் குடைந்து எடுத்திருக்கிறார்கள்.

பென்னி சாரிடம் போய் உள்ளதைச் சொன்னேன். மாடியில்தான் நீங்கள் பிரித்தீர்கள், கீழே யாரும் பிரியவில்லை. ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டால், பஸ் ஸ்டாப்பில் பரிமாறிக்கொள்ள அவர்களிடம் ஒன்றுமே இருக்காது. அவர் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். அப்புறம் மூன்று பேரையும் கூப்பிட்டு, அடுத்த வருஷமும் வரச் சொன்னார், ஒரே பேட்ச், மூவரும் மாறி மாறி எடுக்கட்டும் என்றார். லிஸி டீச்சர் அங்கேயே அழுதுவிட்டார். மாஷ் அதிசயமாக ஒன்றுமே கேட்கவில்லை. எல்லோரும் போன பிறகு பென்னி சார் என் பக்கம் சாய்ந்து, "மோளே, அந்த பஸ் ஸ்டாப்பை நம்ம சென்டருக்கு வாடகைக்கு எடுக்க முடியுமா?" என்றார்.

ஆக, எந்தப் போதனா முறை சிறந்தது என்று என்னைக் கேட்டால், பஸ் நேரத்துக்கு வராத முறை என்றுதான் சொல்வேன்.