என் கடை கம்ப்யூட்டருக்கு ஞாபகமறதி

பிரவுசிங் சென்டர் நடத்துகிறவர்களுக்குக் கண்ணும் காதும் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம், வாய்தான் இருக்கக் கூடாது. இது எனக்குத் தெரியும். என் கடையில் இருக்கும் மூன்று கம்ப்யூட்டர்களுக்கும் தெரியாது என்பதைத்தான் தாமதமாகத் தெரிந்துகொண்டேன். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் ஒன்பது வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். பட்டாவுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, 'சர்வர் டவுன்' என்று நாள் முழுக்கச் சொல்லி வசவு வாங்கும் என் இனத்தாரே, இது உங்களுக்காகத்தான்.

காட்டிக்கொடுத்தது

பவித்ரா அடி அண்ணாமலைப் பெண். நர்சிங் முடித்தவள். அப்பா இல்லை, வீட்டில் தாய்மாமன் வைத்ததுதான் சட்டம். அவளைத் தன் மச்சானுக்குக் கட்டிவைக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. வேலைக்குப் போகிறேன் என்றாலே சண்டை, போனையும் வாங்கி வாங்கிப் பார்ப்பார். அதனால் அரசு நர்ஸ் வேலைக்கு என் கடையில் வந்து விண்ணப்பத்தைப் பாதி நிரப்பிவிட்டு, மார்க் ஷீட் எடுத்துவருகிறேன் என்று போனாள்.

மறுநாள் அதே கம்ப்யூட்டரில் பட்டா பார்க்க வந்து உட்கார்ந்தார் ஒருவர். அவர்தான் அந்த மாமன் என்று எனக்கு அப்போது தெரியாது. ஒரே ஓர் எழுத்தைத் தட்டினார். என் பிரவுசர் ஆசை ஆசையாக நேற்றைய பக்கத்தை எடுத்து நீட்டியது. அதில் பவித்ராவின் பெயர், ஊர், போன் நம்பர் எல்லாம் பளிச்சென்று நின்றன. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று எல்லாவற்றையும் ஞாபகம் வைத்துக்கொள்ளும்படி செட்டிங் போட்டவள் நான்தான்.

கடைசித் தேதி தாண்டும்வரை மாமன் அவளை வெளியிலேயே விடவில்லை. அப்புறம் ஒருநாள் வந்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். அவள் கேட்டது இவ்வளவுதான்: "உங்கள நம்பித்தானேக்கா வந்தேன்?"

பூட்டு

அந்த வேலைக்கு மறுபடி அறிவிப்பு வருவதற்குள் கடையைத் திருத்திவிடுவது என்று முடிவு கட்டினேன். ரகசியம் காக்கும் பிரவுசர் என்று தேடினால் வரிசையாக வந்து நிற்கிறது, ஒவ்வொன்றும் தன்னைவிட்டால் ஆளில்லை என்கிறது. இருப்பதிலேயே கண்டிப்பானதாகப் பார்த்து ஒன்றைப் போட்டேன். அது யாரையும் நம்பாது. பட்டா பக்கத்தையும் நம்பவில்லை. அரை மணி நேரம் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

கீழ்பெண்ணாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த விவசாயி ஒருவர் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்தார். "பூட்டு இன்னாவோ நல்லாதாம்மா கீது. ஊட்டுக்காரனே உள்ள போவ முடியலயே!"

செருப்பு விடும் இடம்

இரண்டாவதாகப் போட்டதில் பக்கமெல்லாம் திறந்தது, ஆனால் பிரிண்ட் எடுத்தால் தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாக வந்தன. மூன்றாவதுதான் வழிக்கு வந்தது. அரசுப் பக்கங்கள் திறக்கும், ரசீது ஒழுங்காக வரும், விளம்பரம் ஓடிவராது, மூடினால் எல்லாவற்றையும் மறந்துவிடும். ஜாஸ்தி அறிவும் இல்லை, கம்மியும் இல்லை.

அதற்கு வந்த சோதனை என் வாடிக்கையாளர்கள்தான். கிரிவலம் வருகிறவர்கள் செருப்பை விட்டுவிட்டுப் போவதுபோல எங்கள் ஊர்க்காரர்கள் பாஸ்வேர்டைக் கடையில் விட்டுவிட்டுப் போவார்கள். அதற்கென்றே நான் ஒரு நோட்டு வைத்திருந்தேன். எல்லாக் கடையிலும் உண்டு, இல்லை என்று சொல்லாதீர்கள். அந்த நோட்டைக் கிழித்துப் போட்டேன். இனி அவரவர் பாஸ்வேர்டை அவரவரே வைத்துக்கொள்ள வேண்டும் என்றதும் பாதிப் பேர் எதிர்க் கடைக்குப் போய்விட்டார்கள். அந்த மாத வாடகைக்குக் கல்லாவில் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் மட்டும் போகாமல் நின்று கோபித்துக்கொண்டார். "ஆறு வருஷமா வர்றேன். என்னையே யாருன்னு கேக்குது உன் மிஷின். மரியாதை வேணாமா?"

வெள்ளைக்கார அம்மா

ஆசிரமத்துப் பக்கம் வாடகை அறையில் பல வருஷமாகத் தங்கியிருக்கும் வெளிநாட்டு அம்மா ஒருவர் டிக்கெட் பிரிண்ட் எடுக்க வருவார். தமிழ் பேசுவார், நிதானமாக. மூடினால் மறந்துவிடும் என்று நான் பெருமையடித்ததும் டவுன்லோடு ஃபோல்டரைத் திறந்து காட்டினார். போன மாதத்து ஆதார் காப்பியிலிருந்து யாரோ ஒருவரின் ஜாதகம் வரை அதில் வரிசையாகப் படுத்திருந்தன. பிரவுசர் மறந்தாலும் இறக்கிய ஃபைல் போகாதாம். எனக்கு முகம் செத்துப்போயிற்று. அன்றிலிருந்து ஒவ்வொருவரும் எழுந்திருக்கும் முன் அவர்கள் கண்ணெதிரிலேயே அதையும் அழித்தேன், கம்ப்யூட்டரின் குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன்.

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நீங்க என்னை ஞாபகம் வைங்க. மெஷின் வேண்டாம்."

மறு சோதனை

அறிவிப்பு மறுபடி வந்தது. துணி தைக்கக் கொடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு வந்த பவித்ரா ஒரே மூச்சில் விண்ணப்பத்தை முடித்தாள். ரசீதை நாலாக மடித்து ரவிக்கைத் துணிக்குள் வைத்தாள். மூடினேன், அழித்தேன், காலி செய்தேன்.

இரண்டு நாளில் மாமன் வந்துவிட்டார். பட்டா என்றார், ஆனால் பட்டா நம்பர் கையில் இல்லை. உட்கார்ந்து அந்தப் பழைய எழுத்தைத் தட்டினார். ஒன்றும் வரவில்லை. வேறு எழுத்து. ஒன்றும் இல்லை. மனிதர் போன தடவையே எது எங்கே கிடக்கும் என்று பார்த்துவைத்திருக்கிறார், நேராக டவுன்லோடு ஃபோல்டருக்குப் போனார். அழித்தேனா, அழித்ததாக நினைத்தேனா? திறந்தது. வெறிச்சென்று இருந்தது. குப்பைத் தொட்டியும் அப்படியே. மற்ற இரண்டு கம்ப்யூட்டர்களையும் துழாவினார். நான் ஸ்டேப்ளரில் பின் போடுவதுபோல் குனிந்துகொண்டேன், சிரிப்பை வேறு எங்கே ஒளிப்பது?

கடைசியில் எழுந்து, கடையைச் சுற்றிப் பார்த்து, உண்மையாகவே வருத்தப்பட்டார். "பாவம்மா நீ. ஒரு ஆளு கூட வர்றதில்லபோல."

கலர் காப்பி

பவித்ரா பரீட்சை எழுதினாள், தேறினாள், வேலை உத்தரவு வந்தது. அதை எனக்கு முதலில் கொண்டுவந்து காட்டியவர் யார் என்று நினைக்கிறீர்கள்? மாமன்தான். அரசாங்க வேலை என்றதும் மச்சான் கல்யாணம் காற்றோடு போயிற்று. சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கப் பத்துக் கலர் காப்பி வேண்டுமாம், ஒன்றை லேமினேஷன் பண்ண வேண்டுமாம். படிக்கவைத்ததே தான்தான் என்று கடையில் உட்கார்ந்திருந்த அந்த வாத்தியாரிடம் வேறு சொல்லிக்கொண்டிருந்தார். பின்னால் நின்ற பவித்ரா என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவில்லை.

ஸ்கேன் முடிந்ததும் வழக்கம்போல அழிக்கப் போனேன். மாமன் பதறிப்போய் என் கையைத் தடுத்தார். "அழிச்சிடாதம்மா! வர்றவங்க போறவங்க எல்லாரும் பாக்கட்டும், மிஷின்லயே வச்சிரு."

அவர் கண்ணெதிரிலேயே அழித்தேன், ஏனென்றால் ஒன்பது வருஷத்தில் நான் கற்ற தொழில் இந்த ஒரு பட்டனை அழுத்துவதுதான்.