முருகையாவின் அம்மா

போன ஞாயிற்றுக்கிழமை என் சொந்த அக்காவையே வேவு பார்த்தேன்.

முகத்தைச் சுளிக்காதீர்கள். வாராவாரம் இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்களுக்கு என் குணம் தெரியும். மோட்டாரில் வரும் ரொட்டிக்காரர் சிரித்தால்கூட, எதற்குச் சிரித்தார் என்று யோசிக்கிறவள் நான்.

அக்கா பெயர் காமாட்சி. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்தே தலை நரைத்தவள். நான் பக்கத்து டவுனான பிரிஞ்சாங்கில் இருக்கிறேன். ஞாயிறு என்றால் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில், அவளுடைய லைன் வீட்டில்தான் எனக்குச் சோறு. லைனுக்குப் பின்னால், கவ்வாத்து வெட்டாமல் விட்ட தேயிலைச் செடி ஒன்று மரமாகவே வளர்ந்து நிற்கிறது. அதன் நிழலில் காரை நிறுத்துவது என் வழக்கம்.

கொஞ்ச நாளாக, நான் போகும் நேரத்தில் அக்கா வீட்டில் இல்லை.

"காய்கறி வாங்க கம்போங் ராஜாவுக்குப் போயிருக்கா" என்றார் அத்தான், என் முகத்தைப் பார்க்காமல்.

காய்கறியா? வீட்டுக் கொல்லையிலேயே கோஸ் விளைகிற ஊரில்? திருநெல்வேலிக்கே அல்வாவா?

திரும்பி வந்தவளுக்குக் கண் வீங்கியிருந்தது. வாய் மட்டும் ஏதோ பாட்டை முணுமுணுத்தது. அழுதவள் பாடுவாளா? கையில் ஒரு வெண்டைக்காய்கூட இல்லை. நோயை மறைக்கிறாளா? யாராவது மருந்து வைத்துவிட்டார்களா? மதம் மாற்றப் பார்க்கிறார்களா... எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே போன ஞாயிறு அவள் ஏறிய வேனைக் காரில் தொடர்ந்தேன். திரிங்காப்பில் காய்கறி லாரிகளுக்கு நடுவே தவறவிட்டு, மறுபடியும் பிடித்தேன். கம்போங் ராஜாவில் ஒரு மோட்டார் பட்டறைக்கு மேல் மாடி. கதவில் சின்னதாக ஒரு சிலுவை.

ஆஹா... பிடித்துவிட்டேன்!

படியேறும்போதே அழுகை கேட்டது. அக்காவின் குரல். அப்பா இறந்தபோதுகூடச் சத்தம் போட்டு அழாதவள் அவள். இரண்டிரண்டு படியாகத் தாவினேன்.

உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகள், நாலைந்து பெண்கள். பாஸ்டரின் மனைவி அக்காவின் கையைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார்.

"எங்கக்காவ என்ன பண்றீங்க?"

"உக்காருங்கம்மா. அவங்க பேசி முடிக்கட்டும்" என்றார் அவர்.

யாரோ தே-ஓ, பால் விடாத டீ, கொண்டுவந்து கொடுத்தார்கள். நான் குடிக்கவில்லை. என்ன கலந்திருக்கிறார்களோ!

அக்கா என்னைப் பார்த்தாள். ஆனால் நிறுத்தவில்லை. அவள் ஜெபம் செய்யவில்லை, சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"இயேசப்பா, ஒங்கம்மாவுக்கு ஒன்ன மடியில போட்டு அழவாச்சும் முடிஞ்சுது. எம் புள்ள மூஞ்சிய எனக்குக் காட்டவே இல்லியே!"

நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அக்காவின் முதல் பிள்ளை அழாமலே பிறந்தது. அப்போது நான் பள்ளிக்கூடப் பிள்ளை. அப்படிப் பிறந்தால் எங்கள் லைனில் ஒரு வழக்கம் உண்டு. தாய்க்கு முகத்தைக் காட்ட மாட்டார்கள். ஆண்கள் துணியில் சுற்றி எடுத்துப்போய், தேயிலைக்காட்டு ஓரமாகப் புதைத்துவிட்டு வருவார்கள். பெயர் கிடையாது, காரியம் கிடையாது. எந்த இடம் என்று தாய் கேட்கவும் கூடாது — தெரிந்தால் மனசு அங்கேயே சுற்றுமாம். எல்லாம் அவள் நல்லதுக்குத்தான்!

அக்கா கேட்கவில்லை. தீட்டு கழிந்ததும் கூடையைத் தூக்கிக்கொண்டு கொழுந்தெடுக்கப் போனாள். பிறகு இரண்டு பிள்ளைகளைப் பெற்று, வளர்த்து, கட்டிக்கொடுத்தாள். மூத்ததை மறந்துவிட்டாள் என்றே நினைத்தோம். அப்படி நினைப்பது எங்களுக்கு வசதியாகவும் இருந்தது.

திரும்பும்போது காரில் சொன்னாள். கிளினிக்கில் பிரஷர் மாத்திரைக்குக் காத்திருந்தபோது, பக்கத்தில் இருந்த பாஸ்டரின் மனைவி எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாராம்.

"வாய் தவறி மூணுன்னுட்டேன்டி. ஒண்ணு தங்கலன்னு சொன்னேன். அவன் பேரு என்னன்னு கேட்டாங்க. அத யாரும் என்னைய கேட்டதே இல்ல."

"அதுக்கு ஜெபம் பண்ணா சரியாயிடுமா?"

"தெரியாது லா. வாய்க்கு வந்தபடி இயேசப்பாவத் திட்டுனேன். கோச்சுக்கல. கேட்டுக்கிட்டே இருந்தாரு. நெஞ்சுல அடைச்சுக்கிட்டுக் கெடந்தது இப்பத்தான் கொஞ்சம் கொஞ்சமா எறங்குது."

விடுவேனா நான்? "புள்ளைக்கு என்ன பேரு வச்சுவிட்டாங்க? டேவிட்டா, சாமுவேலா?"

"அவங்க ஏன் வைக்கணும்? நாந்தான் வச்சேன். அப்பா பேரு. முருகையா."

சிலுவைக்குக் கீழே உட்கார்ந்து ஒரு சபையே முருகையாவின் அம்மாவுக்காக ஜெபம் செய்திருக்கிறது! எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் ரோடு கலங்கித் தெரிந்தது. வண்டியை ஓரங்கட்டி அழுதுவிட்டுத்தான் ஓட்டினேன்.

மரத்தடியில் காரை விட்டுவிட்டு வீட்டுக்குப் போனோம். வாசலில் நின்ற அத்தானிடம் அக்கா நேராகவே கேட்டாள்.

"நம்ம மூத்தவனுக்கு முருகையான்னு பேரு வச்சிட்டேன். அவன எங்க வச்சீங்க? சொல்லுங்க."

அத்தான் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார். பின்னாலேயே போனோம். என் கார் பக்கத்தில் வந்து நின்றார். அந்த மரத்தைக் காட்டினார்.

கவ்வாத்து வெட்டும் ஆட்களில் அவர்தான் மூத்தவர்.

"தோட்டத்துக்கு மேனேசரா வந்த ஒவ்வொரு துரையும் இத வெட்டச் சொன்னாங்க. வெதைக்கு விட்டிருக்குன்னு பொய் சொல்லிக்கிட்டே வந்தேன். எங் கத்தி இதுமேல படல, காமாட்சி."

அக்கா மரத்தைத் தொட்டாள். "முருகையா" என்று கூப்பிட்டாள். அத்தான் தரையில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதார். மரத்தில் ஒரு கை, அவர் தோளில் ஒரு கை. கண்ணை மூடிக்கொண்டு அக்கா சொன்னாள்:

"இயேசப்பா, இவரையும் கொஞ்சம் பாத்துக்க."

அந்தச் சபை மேல் எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு. வருகிற ஞாயிறும் கூடவே போய்ப் பார்க்கத்தான் போகிறேன். வேண்டுமானால் அந்தத் தே-ஓவைக் குடிக்கிறேன். ரொட்டிக்காரர் சிரிப்பிலிருந்து அக்காவின் வெண்டைக்காய் வரைக்கும் சந்தேகப்பட்ட எனக்கு, அந்த மரம் ஏன் மரமானது என்று மட்டும் கேட்கத் தோன்றவே இல்லை.

காரை இனிமேல் வேறு இடத்தில்தான் நிறுத்த வேண்டும்.