அவள் மிதித்த பிரேக்

அவள் வீட்டிலேயே மெஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைப்பவள். புருஷன் பம்ப் கம்பெனியில் வெல்டர். பழைய வண்டிகளின் உதிரிகளைப் பொறுக்கி வந்து, வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில் சொந்தமாக ஒரு கார் கட்டினான். இன்ஜின் சாவி போட்டதும் கிளம்பியது. பிரேக்தான் வழிக்கு வரவில்லை. மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது.

குழாயில் காற்று நிற்கிறது, எடுக்க வேண்டும் என்றான். அதற்கு இரண்டு ஆள் வேண்டும். அவள் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிப்பாள். அவன் சக்கரத்தடியில் படுத்து, காற்றை வெளியே விடும் நிப்பிளைத் திறந்து மூடுவான். லீவு நாளெல்லாம் இதே வேலை. கொஞ்ச நாள் சுமாராகப் பிடிக்கும், மறுபடியும் பஞ்சு.

"நான் மூடுறதுக்குள்ள காலை எடுத்துட்ட. காத்து உள்ள போயிடுச்சு."

"நீங்க விடுன்னு சொன்னப்புறம்தாங்க எடுத்தேன்."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

ஒருநாள் அவள் பாதத்தைப் பெடலோடு சேர்த்துக் கயிற்றால் கட்டினான். மதில் மேல் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரரிடம், "மாட்டுக்குச் சொன்னாக்கூடப் புரியும் சார்" என்றான். அவர் சிரித்தார். அவளும் சிரித்து வைத்தாள்.

அவளுடைய தம்பி வீடு வீடாகப் பார்சல் கொடுப்பவன். அக்காவைப் பார்க்க வந்தவன், புருஷன் காரை வெளியே ஓட்டி வரக் கேட்டைத் திறந்து பிடித்தான். பெடல் தரை வரை போனது. தூணுக்கும் பம்பருக்கும் நடுவில் தம்பியின் முழங்கால் நொறுங்கியது. ஆஸ்பத்திரி வராந்தாவில் வந்தவர்களிடமெல்லாம் புருஷன் சொன்னான்: "காத்து எடுக்கும்போது இவ ஒழுங்கா மிதிச்சிருந்தா இப்படி ஆகுமா?" அவளே அதை நம்பினாள்.

வண்டியைப் பார்க்க ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் வந்தார். முன் சக்கரத்தடியில் குனிந்தவர் நிமிரும்போதே சிரித்தார்.

"காத்து மேலதானே ஏறும்? உங்க நிப்பிள் கீழ பார்த்துட்டு நிக்குது. சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பரை இடது வலது மாத்தி மாட்டியிருக்கீங்க. யார் மிதிச்சாலும் காத்து வெளிய வராது."

புருஷன் ஸ்பேனரைத் துடைத்தான். "மாட்டும்போது இவதான் எடுத்துக் கொடுத்தா" என்றான்.

அன்றே மாற்றி மாட்டிக் காற்றை எடுத்தார்கள். பெடல் கல் மாதிரி நின்றது.

அவள் மெஷினை அப்படியே விட்டுவிட்டுத் தம்பி வீட்டுக்கு ஓடினாள். அவன் கட்டிலில் காலை நீட்டிக் கிடந்தான். வேலை போயிருந்தது. மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள்.

தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "முடிச்சிட்டியா?"

"சத்தியமாடா. அந்தக் கடைக்காரரையே கேளு."

"மாமா அப்பவே சொன்னாரு. ஒருநாள் வந்து பழியை அவர் மேல போடுவேன்னு." போர்வையை இழுத்து மூடிக்கொண்டான். "போக்கா. கதவைச் சாத்திட்டுப் போ."

சாத்திவிட்டு வந்தாள். தெருமுனையில் கார் நின்றிருந்தது. புருஷன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஏறு" என்றான். ஏறினாள். வழியெல்லாம் வேண்டுமென்றே வேகமாக ஓட்டி, வேண்டுமென்றே பிரேக் அடித்தான். ஒவ்வொரு தடவையும் அவள் நெற்றி முன்னால் போய் வந்தது.

"எப்படிப் பிடிக்குது பாத்தியா?" என்றான்.

"பிடிக்குதுங்க" என்றாள்.