நாலு பேர் ஓட்டிய ஸ்கூட்டர்

என் அக்காவின் கணவருக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாது. இதைக் கண்டுபிடிக்க எங்களுக்குப் பதினான்கு ஆண்டுகள் ஆயின. அந்தப் பதினான்கு ஆண்டுகளும் அவர் ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டுதான் இருந்தார்.

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். தெருவில் அவருக்கு லிஃப்ட்காரர் என்றுதான் பெயர். ஏதாவது ஒரு கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறையில், கையெல்லாம் கிரீஸோடு நின்றால் மனிதருக்குத் தலைகால் புரியாது. காலையில் கம்பெனி வேன் தெருமுனைக்கே வந்து அவரை ஏற்றிக்கொள்ளும், மாலையில் கொண்டுவந்து இறக்கிவிடும். அதனால் ஸ்கூட்டர் முழுக்க முழுக்க வீட்டு வண்டி. வீடு என்றால் அத்தான், அக்கா, எட்டாம் வகுப்புப் படிக்கும் பெரியவள், மூன்றாம் வகுப்புச் சின்னவள் என்று நான்கு பேர். எங்கே போனாலும் அந்த நான்கு பேரும் சேர்ந்துதான் போவார்கள். அத்தானுக்கு முடி வெட்ட வேண்டுமா, நான்கு பேர். அக்காவுக்குப் பல் பிடுங்க வேண்டுமா, நான்கு பேர். டயரில் காற்றடிக்கக்கூட அந்த ஊர்வலம்தான் கிளம்பும்.

ஏறுவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் அத்தான் உட்கார்ந்து இரண்டு காலையும் அகட்டித் தரையில் ஊன்றிக்கொள்வார். பிறகு சின்னவள் முன்னால் வந்து நிற்பாள். பிறகு பெரியவள், கடைசியில் அக்கா. அக்கா உட்கார்ந்து, புடவையைச் சரிசெய்து, அத்தானின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டுவாள். அந்தத் தட்டு விழாமல் வண்டி நகராது. "கதவு சாத்தாம லிஃப்ட் எடுக்கலாமா?" என்பார் அத்தான். இறங்குவது இதற்கு நேர்மாறு. முறை தப்பி யாராவது முதலில் குதித்துவிட்டால் எல்லோரையும் மறுபடி ஏற்றி, ஒழுங்காக இறக்குவார். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எனக்கு இரண்டு வீடு தள்ளி ஜாகை. என்னிடம் ஒரு பழைய கார் இருக்கிறது. ஐந்து பேர் காலை நீட்டி உட்காரலாம். மழையோ வெயிலோ, "வாங்க, நான் கொண்டுபோய் விடுறேன்" என்று எத்தனை முறை வாய்விட்டுக் கேட்டிருக்கிறேன் என்பதற்குக் கணக்கே இல்லை. ஒரே ஒரு முறை வந்தார்கள். சின்னவள் வாந்தி எடுத்தாள். பெரியவள் குறட்டைவிட்டுத் தூங்கினாள். அக்கா பின்சீட்டிலிருந்து என் வலது தோளில் திடீரென்று ஓங்கித் தட்டியதில், தண்ணீர் லாரிக்கும் எனக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளிதான் மிச்சம் இருந்தது. இறங்கியதும் சின்னவள் சொன்ன காரணம்தான் என்னை அதிகமாகக் கடுப்பேற்றியது. "உங்க கார்ல எங்களுக்கு வேலையே இல்ல மாமா."

வேலையா? ஸ்கூட்டரில் உட்கார்ந்து வருவதில் என்ன வேலை என்று நான் அப்போது யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. கோபித்துக்கொண்டு போய்விட்டேன்.

விஷயம் வெளியே வந்தது கம்பெனிக்குப் புது மேனேஜர் வந்த பிறகு. அவர் வந்த வேகத்தில் வேனை நிறுத்தினார். அடுத்த மாதம் முதல் மெக்கானிக்குகள் அவரவர் இருசக்கர வண்டியில்தான் வேலைக்குப் போக வேண்டும், லைசென்ஸ் நகலை மாதம் முடிவதற்குள் கொடுக்க வேண்டும், கொடுக்காதவருக்குக் கிடங்கில் வேலை என்று சொல்லிவிட்டார். அத்தான் பீரோவைக் குடைந்து லைசென்ஸை எடுத்துப் பார்த்தார். அது காலாவதியாகி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. இவ்வளவு காலம் விட்டுவிட்டதால் முதலிலிருந்து வண்டி ஓட்டிக் காட்ட வேண்டும் என்றார்கள்.

"இதுல என்ன இருக்கு அத்தான்? தினமும் ஓட்டுறீங்க. அஞ்சு நிமிஷ வேலை" என்றேன்.

அத்தான் லைசென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கிடங்குல பாத்திருக்கியா? தரைத்தளம். ஜன்னல்கூட கிடையாது. இருபது வருஷமா மேல போயிட்டு இருந்தவன்டா நான். போல்ட் எண்ணச் சொல்லி உட்கார வச்சுடுவாங்க" என்றார்.

தேர்வு மைதானத்துக்கு நானும் துணைக்குப் போனேன். வண்டியைத் தனியாக எடுத்துவரப் பிடிக்காமல், அத்தான் அதை ஒரு சின்ன டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மைதானத்தில் சுண்ணாம்பால் எட்டு போட்டிருந்தார்கள். ஓரத்தில் ஒரு பெரிய குடை, அதன் கீழே பிளாஸ்டிக் நாற்காலி, அதில் கையில் அட்டையோடு இன்ஸ்பெக்டர் அம்மா. அத்தானின் பெயரைக் கூப்பிட்டார்கள். அத்தான் ஹெல்மெட்டை மாட்டி, வண்டியைக் கிளப்பி, இரண்டு காலையும் அகட்டி ஊன்றி, அப்படியே உட்கார்ந்திருந்தார்.

ஒரு நிமிஷம் போனது. வண்டி உறுமிக்கொண்டே நின்றது.

"சார், எடுங்க" என்றார் இன்ஸ்பெக்டர் அம்மா.

"எடுக்கணும் மேடம்" என்றார் அத்தான், எடுக்காமல்.

"யாருக்காகக் காத்திருக்கீங்க?"

அத்தான் முதுகை லேசாகப் பின்னால் வளைத்துப் பார்த்தார். தட்டு விழவில்லை. பாவம், ஒருவழியாகத் துணிந்து முறுக்கினார். முக்கால் குடும்பத்தைச் சுமந்து பழகிய முறுக்கு அது. ஆளில்லாத வண்டி கயிறறுத்த கன்றுக்குட்டியாகப் பாய்ந்தது. வலப்பக்கம் திரும்பும் இடத்தில் அவர் வலது தோளைப் பின்னால் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். தோளில் ஒன்றும் படாததால் திரும்பாமல் நேரே போனார். இண்டிகேட்டர் போடவில்லை. கண்ணாடியைப் பார்க்கவில்லை, பார்க்க வலப்பக்கம் கண்ணாடியே கிடையாது, இடப்பக்கத்துக் கண்ணாடி சின்னவள் முகம் பார்க்கத் தோதாகத் திருகப்பட்டிருந்தது. குறுக்கே ஒரு நாய் வந்தபோது அவர் குனிந்து, "ம், அடி" என்றார். நாய் அவரை ஏறிட்டுப் பார்த்தது.

"யார்கிட்ட பேசுறீங்க?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர் அம்மா.

"சின்னவகிட்ட."

"அவ எங்க?"

"ஸ்கூல்ல மேடம்."

இன்ஸ்பெக்டர் அம்மா அட்டையில் எதையோ நீளமாக எழுதினார். பத்து நாள் கழித்து இன்னொரு முறை வரலாம், அதுதான் கடைசி என்றார். அத்தானின் முகத்தில் ஈயாடவில்லை.

அன்று மாலை அக்கா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து நான் விசாரணை நடத்தினேன். எல்லாம் வெளியே வந்தது. ஹாரன் சின்னவள் இலாகா. மூன்று வயதில் விடாமல் அதை அமுக்கித் தெருவின் தூக்கத்தைக் கெடுத்தவளிடம், "இனிமே இது உன் பொறுப்பு" என்று ஒப்படைத்திருக்கிறார். அன்றிலிருந்து எங்கே அடிக்க வேண்டும், எங்கே கூடாது என்பதை அவளே பார்த்துக்கொள்கிறாள். இண்டிகேட்டர் பல்பு எப்போதோ போய்விட்டதால், திருப்பங்களில் கை நீட்டுவது பெரியவள். பின்னால் வருகிற லாரி, பஸ், ஆட்டோ அனைத்தும் அக்காவின் பொறுப்பு. வலது தோளில் ஒரு தட்டு என்றால் வலப்பக்கம் ஏதோ வருகிறது. இடது தோளில் என்றால் இடப்பக்கம். இரண்டு தட்டு, வழி காலி, போகலாம். நடுமுதுகில் ஓர் அறை என்றால் உடனே நிறுத்து. அத்தானின் பங்கு ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்ப்பது. அதாவது கால்வாசி ஓட்டுநர். அவருக்கு இவ்வளவு நாளாக அது தெரியாது என்பதுதான் வேடிக்கை.

"நான் ஒரு அறைதான் விட்டேன், ஒரு தடவைதான்" என்றாள் அக்கா.

"மூணு தடவை" என்றாள் பெரியவள்.

மறுநாள் வண்டிக்கு இரண்டு கண்ணாடியும் புது பல்பும் போட்டோம். பயிற்சிக்கு மூடிக்கிடக்கும் ஆலையின் பின்புறத்து மைதானம். நான் காரில் போய்ச் சேர்ந்தேன். அவர் தனியாக வருவார் என்று பார்த்தால் நால்வரும் ஸ்கூட்டரில் வந்து, முறைப்படி இறங்கி, மதில்மேல் வரிசையாக உட்கார்ந்தார்கள். அத்தான் சுற்ற ஆரம்பித்தார். சின்னவள் மதிலில் இருந்து "பீப்" என்று கத்தினாள். பெரியவள் கையை நீட்டினாள். அக்கா வெறும் காற்றில் தட்டினாள். அத்தான் மைதானத்தைப் பார்க்காமல் மதிலையே பார்த்து ஓட்டி, என் காரின் முன்பக்கத்தில் ஒரு கோடு போட்டார். அந்தக் கோடு இன்றும் இருக்கிறது. நான் சொல்லிக்காட்டுவதில்லை, வாரத்துக்கு ஒரு முறைதவிர.

நான்கு நாள் இதே கூத்து. ஐந்தாம் நாள் அக்கா வாசலில் நின்று, "நாங்க வரல. நீங்க தனியாப் போயிட்டு வாங்க" என்றாள்.

"தனியாவா? எங்க போக?"

"எங்கயாவது. முனை வரைக்கும் போய்த் திரும்பி வாங்க."

"பின்னாடி யாரு பாக்குறது?"

"கண்ணாடி பாக்கும்" என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சின்னவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள், அப்பாவை வெளிநாட்டுக்கு அனுப்புவதுபோல. எனக்கும் மூக்கை உறிஞ்ச வேண்டியிருந்தது. வெட்கமாக இருந்ததால் இருமினேன்.

அரை மணி நேரம் ஆளைக் காணோம். திரும்பி வந்தபோது சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. "யாரோ ஒருத்தன் என் பின்னாடியே வந்துக்கிட்டு இருந்தான்டா. எங்க திரும்பினாலும் விடல" என்றார் என்னிடம். விசாரித்தால் அது ரொட்டி விற்கிற வேன். கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டியைப் பார்ப்பது அவருக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. "உலகமே நம்ம பின்னாடி வந்துக்கிட்டு இருக்கு, எனக்குத் தெரியவே தெரியாது" என்று மெல்லிய குரலில் சொன்னார். அன்று அவரைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த ஐந்து நாளும் தனியாகவே போய்வந்தார். கடைசி நாளில் சட்டை நனையாமல் வந்தார்.

இரண்டாவது தேர்வுக்கு ஸ்கூட்டரை அவரே ஓட்டிக்கொண்டு வந்தார். நான் மைதான ஓரத்தில் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றேன். பெயரைக் கூப்பிட்டதும் உட்கார்ந்தார், கண்ணாடியைப் பார்த்தார், எடுத்தார். உதடு மட்டும் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. "வலது பக்கம் காலி. கையை நீட்டு. இல்ல, பல்ப போடு. பீப் வேண்டாம், ஆள் இல்ல." எட்டு முழுசாக முடிந்தது. கோட்டில் கச்சிதமாக நிறுத்தி, ஒரு காலை மட்டும் ஊன்றினார்.

"இன்னைக்கு யாரு கூட வந்திருக்காங்க?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர் அம்மா, அட்டையிலிருந்து தலையெடுக்காமல்.

"யாரும் இல்ல மேடம்" என்றார் அத்தான். அதைச் சொல்லும்போது அவர் குரலில் சந்தோஷத்தோடு வேறு ஏதோவும் இருந்தது. தேர்வில் தேறியாயிற்று. நகல் மேனேஜர் மேசைக்குப் போனது. கிடங்கு தப்பியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வெளியே கிளம்பினோம். பெரியவள் வளர்ந்துவிட்டாள், இனி ஸ்கூட்டரில் மூன்று பேருக்குமேல் கூடாது என்று அத்தான் புதுச் சட்டம் போட்டதால், அவள் என் காரில் முன்சீட்டில் உர்ரென்று உட்கார்ந்து வந்தாள். "எனக்கு வேலை போயிடுச்சு மாமா" என்றாள். எங்களுக்கு முன்னால் ஸ்கூட்டர் போய்க்கொண்டிருந்தது. ஹாரன் அத்தானே அடித்தார். இண்டிகேட்டர் அழகாக மின்னியது. சின்னவள் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் ஹெல்மெட் கொக்கியைக் கடித்துக்கொண்டு நின்றாள். அக்கா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். அவள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

கடைத்தெரு முனை தாண்டியதும் அக்கா திடீரென்று அத்தானின் நடுமுதுகில் ஓர் அறை விட்டாள். ஸ்கூட்டர் நின்றது. நான் பிரேக்கை மிதித்து, அவர்களுக்குப் பின்னால் ஓரம் கட்டி, வாயில் வந்ததைத் திட்டிக்கொண்டே இறங்கினேன். அக்கா ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே, சாலையோரம் இருந்த பன்னிரண்டு மாடிக் கட்டடத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுதானா நீங்க லிஃப்ட் போட்ட கட்டடம்?" என்று கேட்டாள்.

அத்தான் திகைத்துப்போனார். "என்ன இது? இந்த வழியா வரும்போதெல்லாம் காட்டுவேனே. அதோ பாரு, என் கட்டடம்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன். நீயும் ம், ம்னு சொல்லுவியே."

"சொல்லுவேன்."

"அப்ப பாத்ததே இல்லையா?"

"எப்படிப் பாக்குறது?" என்றாள் அக்கா, கட்டடத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "இந்த முனையிலதான் லாரி திரும்பும்."