கேசினியின் வாய்

தங்கேஸ்வரி அக்கா பதினைந்து வருடமாக, பலெர்மோவில் பணக்காரர் இருக்கும் கடற்கரைப் பக்கமான மொண்டெல்லோவில், ஒரு சின்யோரா வீட்டில், அதாவது ஒரு சீமாட்டி வீட்டில், வேலை செய்கிறார். அந்தச் சின்யோராவின் வாயைப் பார்த்தே இத்தாலியன் பழகியவர். கதவைக் காட்டி "போர்த்தா" என்று அவர் சொன்னால், பாங்கில் வேலை செய்யும் மனுசி கதைப்பது போலிருக்கும். மகள் கேசினி அப்படியில்லை. பலெர்மோவிலேயே பிறந்து, சந்தையடி அல்பெர்கேரியாவில் எங்கள் ஒழுங்கையில் மரக்கறிக்காரரின் பிள்ளைகளோடு வளர்ந்தவள். அவளுக்கு அது "புவோர்த்தா", பலெர்மோத் தெருப் பேச்சு. ஓசையை வளைத்து இழுத்துச் சந்தை முழுக்கக் கேட்கச் சொல்லுவாள்.

ஐந்தாம் வகுப்பு முடியும்போது ரீச்சர் அக்காவைக் கூப்பிட்டார். "பிள்ளை கெட்டிக்காரி. ஆனால் இந்த வாயோடு பெரிய பள்ளிக்கூடம் போனால் கடைசி வரிசை வாங்கில்தான் இருத்துவார்கள்" என்றார். அக்கா அன்றைக்கே முடிவெடுத்தார்.

"லீவுக்கு என்னோடை மொண்டெல்லோ வாறாய். கியாராவோடை இருந்து ஒழுங்காக் கதைக்கப் பழகு" என்றார் மகளிடம். கியாரா சின்யோராவின் பேத்தி.

"அங்கை ஒருத்தரும் பந்தடிக்க மாட்டினம், அம்மா."

"பந்தோ? நல்ல கதை!"

பிள்ளைகளை ஒன்றாக விட்டால் யாருடைய வாய் யாருக்கு ஒட்டுமென்று யார் கண்டது? நான் அப்போதே சொன்னேன். என் பேச்சை யார் கேட்டார்கள்? ஜூலை முடிவதற்குள் கியாரா அந்த வீட்டுக் கதவுகள் எல்லாவற்றையும் "புவோர்த்தா" ஆக்கிவிட்டாள். அவளுடைய தகப்பன் சாப்பாட்டை நிறுத்திவிட்டு வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

சின்யோரா நல்ல மனுசிதான். அயன்பெட்டியால் உடுப்பு மினுக்கிக்கொண்டிருந்த அக்காவிடம் தணிந்த குரலில்தான் சொன்னார்.

"நாளையிலிருந்து பிள்ளையைக் கூட்டி வராதே, தங்கா. கியாராவின் பேச்சுக் கெடுகிறது. உன் இத்தாலியன் எவ்வளவு அழகு! இவள் இதை எங்கே பிடித்தாள்?"

"இங்கேதான், சின்யோரா. உங்கள் ஊரில்தான். நான் வன்னியிலிருந்து கொண்டு வரவில்லை."

இத்தனை வருடத்தில் அக்கா அந்த வீட்டில் திருப்பிக் கதைத்தது அதுதான் முதல் தடவை. பிறகு மிச்ச உடுப்பையும் மினுக்கி மடித்து வைத்தார். கேசினி கதவடியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வெளிக்கிடும்போது கியாரா மாடியிலிருந்து, நாளைக்கு வருவாயா என்று சந்தைக்காரி மாதிரி இழுத்துக் கத்தினாள். கேசினி நிமிர்ந்து பார்த்தாள்.

"நோன் போஸ்ஸோ" என்றாள். என்னால் ஏலாது. வளைவில்லை, இழுவையில்லை. அப்படியே சின்யோராவின் வாய்.

அக்கா ஆசைப்பட்டது அதற்குத்தான். பஸ் வரும்வரை தெருவில் நின்று அழுதார்.